டப்பாவைத் திறந்தால் மணக்கிற டீ, குடித்தால் ஏன் சப்பென்று இருக்கிறது?

கேள்வி இது: "ஜெர்மனியில் இருக்கும் அண்ணன் லீவுக்கு வந்தபோது ஆறு டப்பா டீ கொண்டுவந்தார். ஏர்ல் கிரே, மல்லிகை கிரீன் டீ, ஸ்ட்ராபெரி-வெனிலா, வைல்ட் பெர்ரி, பெப்பர்மிண்ட், கெமோமைல். டப்பாவைத் திறந்தால் வீடே மணக்கிறது. போட்டுக் குடித்தால் வெந்நீர் மாதிரி இருக்கிறது. போடுகிற முறை தப்பா, சரக்கு தப்பா? எது நல்லது என்று ருசித்துக் கண்டுபிடிக்க வழி உண்டா?"

போடுகிற முறையில் கொஞ்சம் தப்பு இருக்கலாம். சரக்கிலும் இருக்கலாம். ஆனால் முதல் சந்தேகத்தை உங்கள் மூக்கின்மேல் வையுங்கள்.

ஸ்ட்ராபெரி-வெனிலா டப்பாவை எடுத்துக்கொள்வோம். வெனிலா வாசனையைப் பிறந்ததிலிருந்து நீங்கள் எங்கே முகர்ந்திருக்கிறீர்கள்? ஐஸ்கிரீம், கேக், கஸ்டர்டு. எல்லாமே சர்க்கரையோடு வந்தவை. அந்த வாசனை வந்தாலே இனிப்பு வரப்போகிறது என்று மூளை பழகிவிட்டது. டப்பாவைத் திறந்ததும் மூக்கு ஒரு வாக்குறுதி கொடுக்கிறது, கோப்பையிலோ சர்க்கரை இல்லாத கறுப்பு டீ இருக்கிறது. நாக்கு ஏமாறுகிறது. அந்த ஏமாற்றத்தைத்தான் "சப்பென்று" என்கிறோம். நம்பிக்கை இல்லையென்றால் இன்றைக்கே அதே டீயை இரண்டு கோப்பையில் ஊற்றி, ஒன்றில் மட்டும் அரை ஸ்பூன் சர்க்கரை போட்டுப் பாருங்கள். சர்க்கரை போட்ட கோப்பையில் இனிப்பு மட்டுமல்ல, ஸ்ட்ராபெரியும் கூடியதுபோல் தெரியும். வாசனை எண்ணெய் இரண்டிலும் ஒரே அளவுதான்.

இன்னொரு சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். மூக்கை விரலால் இறுக்கப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். கசப்பு, துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு இவை மட்டும்தான் தெரியும். ஸ்ட்ராபெரி காணாமல் போயிருக்கும். விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள், தொண்டைக்குப் பின்னாலிருந்து வாசனை மேலேறி வரும். நாம் ருசி என்று நினைப்பதில் பெரும்பங்கு இப்படிப் பின்வாசல் வழியாக மூக்குக்குப் போகிற மணம்தான். சளி பிடித்தால் ரசம்கூட ருசிக்காமல் போவது இதனால்தான்.

குன்னூரில் ஓர் ஏலத் தரகு நிறுவனத்தின் டேஸ்டிங் அறையில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே வருவது வெறும் டீத்தூளும் இலையும்தான். வாசனை சேர்த்த டீயைக் கண்டால் எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், "மட்டமான இலைக்குச் சென்ட் அடிச்சு வித்துட்டிருக்கான்" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். பாதி உண்மை. மீதிப் பாதி புரிய எனக்கு வருடங்கள் ஆயின: வாசனை சேர்ப்பது குற்றமில்லை, மூக்குக்குக் கொடுத்த வாக்கை அந்த டீ நாக்கில் காப்பாற்றுகிறதா என்பதுதான் விஷயம். உங்கள் ஆறு டப்பாவையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பிரித்துவிடலாம்.

அதற்கு முன்னால் ஒரு பிரிவினை. கமேலியா சைனென்சிஸ் என்கிற ஒரே செடியின் இலைதான் டீ. கறுப்பு, கிரீன், ஊலாங், வெள்ளை எல்லாம் அதே இலையைப் பதப்படுத்துகிற விதத்தில் வருகிற வேறுபாடு. உங்கள் ஏர்ல் கிரே, மல்லிகை, ஸ்ட்ராபெரி மூன்றும் டீ, கூட ஒரு வாசனை ஏறியிருக்கிறது. காஃபினும் உண்டு. பெப்பர்மிண்ட், கெமோமைல், வைல்ட் பெர்ரி மூன்றிலும் வழக்கமாக டீ இலையே இருக்காது, மூலிகையையோ பூவையோ பழத்தோலையோ ஊறவைத்த தண்ணீர். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே தராசில் வைத்து "எது பெஸ்ட்" என்று கேட்டால் பதில் கிடைக்காது. கெமோமைலில் டீயின் துவர்ப்பை எதிர்பார்த்தவருக்கு அது வெந்நீர்தான்.

நமக்கு இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டீ இலை இல்லாத டீ என்றால் புதுசாகப் பார்க்கிறோம். காபிக்கொட்டையே இல்லாத சுக்குமல்லி காபியைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்துக்கொண்டிருக்கிறோம். அதில் கருப்பட்டி போடுவதைக் கவனியுங்கள். சுக்கின் காரத்துக்கும் மல்லியின் மணத்துக்கும் கீழே உடம்பாக நிற்க ஏதாவது வேண்டும், டீ இலை தருகிற கனத்தை அங்கே கருப்பட்டி தருகிறது. இலங்கையில் ரணவரா என்ற பெயரில் குடிப்பது நம் ஆவாரம்பூதான், பெலிமல் என்பது வில்வப்பூ. அங்கேயும் பக்கத்தில் ஒரு துண்டு கருப்பட்டி வைத்துக் கடித்துக்கொண்டே குடிப்பார்கள். மூலிகைக்கும் இனிப்புக்கும் உள்ள உறவை அவர்கள் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்கவில்லை, நாக்கு சொன்னதைச் செய்தார்கள்.

சரி, ருசிபார்க்க உட்காருவோம்.

தொழிலில் இதற்கு எழுதிவைத்த விதியே இருக்கிறது. சர்வதேசத் தர அமைப்பு வெளியிட்டது, ஐ.எஸ்.ஓ. 3103 என்று பெயர், 1980இல் வந்தது. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, மூடிபோட்ட வெள்ளைப் பீங்கான் பாத்திரம், 6 நிமிடம். இதே விஷயத்தைச் சொல்கிற பிரிட்டிஷ் தர ஆவணத்துக்கு, 'ஒரு கோப்பை டீ போட ஆறு பக்கமா' என்று கிண்டலாக 1999இல், நோபல் பரிசைக் கேலி செய்கிற இக் நோபல் பரிசே கொடுத்தார்கள். சிரிப்பது சுலபம். ஆனால் அந்த முறை குடித்து மகிழ்வதற்கு ஏற்பட்டதே இல்லை. 6 நிமிடம் கொதிநீரில் கிடந்த டீ யாருக்கும் பிடிக்காது. இலையில் ஒளிந்திருக்கிற குறை எல்லாம் வெளியே வந்து நிற்கட்டும் என்பதற்காகப் போடுவது அது. முக்கியமாக, எல்லாக் கோப்பைக்கும் ஒரே அளவு, ஒரே தண்ணீர், ஒரே நேரம். நேற்று ஒரு டீ, இன்று ஒரு டீ என்று குடித்து ஒப்பிட முடியாது. நேற்றைய ருசி நினைவில் நிற்காது, நேற்றைய அபிப்பிராயம்தான் நிற்கும்.

வீட்டில் இதற்கு ஒரே மாதிரி வெள்ளைக் கோப்பை நான்கு, மூட நான்கு சாஸர், கிராம் காட்டுகிற சின்ன எலக்ட்ரானிக் தராசு, செல்போனில் டைமர் போதும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், நிறம் தெரியாது, உதடும் சுடும். பை டீயாக இருந்தால் ஒரு பையில் ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 கிராம் இருக்கும், ஒரு பைக்கு 100 மில்லி. நூலைப் பிடித்து நாலு முறை முக்கிவிட்டு எடுத்துப் போடுகிற பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள். உங்கள் கெமோமைல் வெந்நீர் ஆனதற்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். காய்ந்த பூவும் வேரும் டீத்தூள் மாதிரி உடனே சாறு விடாது. கொதிக்கிற தண்ணீர், குறைந்தது 5 நிமிடம், கெமோமைலுக்கு 8 முதல் 10 நிமிடம்கூடப் பரவாயில்லை. கசக்கவைக்கிற டீயின் துவர்ப்புப் பொருள் அதில் அவ்வளவு கிடையாது.

மூடிவைப்பது சும்மா இல்லை. ஊறி முடிந்ததும் சாஸரைத் திருப்பி அதில் கோத்திருக்கிற துளிகளை முகர்ந்து பாருங்கள். பெப்பர்மிண்ட் என்றால் மூக்கு எரியும். திறந்து வைத்திருந்தால் அது முழுக்கச் சமையலறைக் காற்றில் போயிருக்கும். வீடு மணக்கும், கோப்பை மணக்காது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. போர்வெல் தண்ணீரில் டீ போட்டால் மேலே ஆடைபோல ஒரு படலம் மிதக்கும், கோப்பை ஓரத்தில் பழுப்பாக ஒட்டும். தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து டீயோடு சேர்வதால் வருவது. நிறம் கறுக்கும், மணம் மழுங்கும். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ நல்லது, எல்லாக் கோப்பைக்கும் அதே தண்ணீர் என்பது அதைவிட முக்கியம்.

ருசிக்கிற விதம்: ஸ்பூனில் எடுத்து, உதட்டருகே வைத்து, காற்றோடு சேர்த்து 'சர்ர்' என்று உறிஞ்ச வேண்டும். சத்தம் வரவேண்டும். சத்தம் போட்டுக் குடிக்காதே என்று அம்மா அடித்து வளர்த்திருப்பார், இந்த ஒரு இடத்தில் அம்மாவை மீறலாம். டீ சிறு துளிகளாகச் சிதறி வாய் முழுக்கப் பரவும், மணம் பின்வாசல் வழியாக மூக்குக்கு ஏறும். பிறகு துப்பிவிட வேண்டும். டேஸ்டிங் அறையில் ஒரு நாளில் சில நூறு கோப்பைகள் வரிசையில் இருக்கும், விழுங்கினால் ராத்திரி தூக்கம் போய்விடும். நீங்கள் நான்கு கோப்பைக்கு விழுங்கலாம். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். நாக்கு வெந்தால் அன்றைய வேலை முடிந்தது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ளவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியும் இருக்கிறது. நாக்கு நன்றாக வேலை செய்வதும் சூடு குறைந்த பிறகுதான்.

எந்த வரிசையில் குடிப்பது என்பதில்தான் நான் ஒருமுறை அசடு வழிந்தேன். பக்கத்து வீட்டு நண்பர்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டு, பெருமையாக ஆறு டீ வரிசை வைத்தேன். இரண்டாவது கோப்பை பெப்பர்மிண்ட், மூன்றாவது நான் பத்திரமாக வைத்திருந்த நீலகிரி வெள்ளை டீ. அத்தனை பேரும் மூன்றாவது கோப்பைக்கு எழுதியது ஒரே வார்த்தை: "சுடுதண்ணி." அவர்கள்மேல் தப்பில்லை. பெப்பர்மிண்ட்டில் இருக்கிற மெந்தால் நாக்கில் குளிர்ச்சியை உணர்கிற நரம்புகளையே தூண்டிவிடுகிறது, அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குப் பிறகு எது வந்தாலும் எடுபடாது. ஆகவே மென்மையானது முதலில், பூ மணம் அடுத்து, ஏர்ல் கிரேயில் வருகிற பெர்கமோட் போன்ற எலுமிச்சை வகை பிறகு, புளிப்பு அதற்குப் பின், சுக்கு, மிளகு, பட்டை, புதினா எல்லாம் கடைசி. இடையிடையே வெதுவெதுப்பான தண்ணீர், வேண்டுமானால் ஒரு பிடி பொரி. மிக்சர் தட்டை மேஜைமேல் வைக்காதீர்கள். காபி குடித்து ஒரு மணிநேரமாவது ஆகியிருக்கட்டும். தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு மல்லிகை டீ ருசிபார்க்க உட்கார வேண்டாம், சென்ட்டும் கூடாது.

இனி உங்கள் டப்பாக்கள்.

மல்லிகை டீதான் இவற்றில் எனக்குப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் ஃபூஜோ நகரம் இதற்குப் பேர்போனது, இப்போது குவாங்ஷியிலும் ஏராளமாகச் செய்கிறார்கள். அவர்கள் பயன்படுத்துகிற பூ வேறெதுவும் இல்லை, நம் மதுரை மல்லியின் அதே இனம், ஜாஸ்மினம் சம்பக். பகலில் மொட்டாகப் பறிக்கிறார்கள், ராத்திரிதான் அது விரியும். விரிகிற நேரத்தில் காய்ந்த கிரீன் டீயோடு கலந்து குவித்து வைக்கிறார்கள். டீ இலைக்கு ஒரு குணம், பக்கத்தில் எது இருந்தாலும் அதன் மணத்தையும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டதும், காலையில் வாடிய பூவைச் சலித்து எறிந்துவிட்டு, இலையை மறுபடி உலர்த்துகிறார்கள். அடுத்த ராத்திரி புதுப் பூ. நல்ல ரகத்துக்கு இப்படி ஐந்தாறு முறைக்கு மேலும் நடக்கும். ஆகவே டப்பாவுக்குள் நிறைய வெள்ளைப் பூ தெரிந்தால் மயங்கிவிடாதீர்கள். வேலை முடிந்த பூவைச் சலித்து எறிந்துவிடுவதுதான் வழக்கம், உள்ளே தெரிவது பெரும்பாலும் அலங்காரம்.

இன்னொரு வழி, மல்லிகை வாசனைத் திரவத்தை இலைமேல் தெளிப்பது. இரண்டையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த நல்ல வழி இரண்டாம் தண்ணீர். அதே இலையில் மறுபடி வெந்நீர் ஊற்றுங்கள். பூவோடு படுத்திருந்த டீ இரண்டாம் தண்ணீரிலும் மூன்றாம் தண்ணீரிலும் மணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். தெளித்தது முதல் கோப்பையிலேயே மொத்தத்தையும் கொட்டிவிட்டு, இரண்டாவதில் வெறும் கிரீன் டீயாகப் பல்லிளிக்கும். மணத்திலும் வித்தியாசம் உண்டு. நிஜ மல்லிகைக்குள் இண்டோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. ராத்திரி தலையில் வைத்த பூவைக் காலையில் எடுக்கும்போது, இனிப்புக்கு அடியில் கனமாக, லேசாகக் கெட்டுப்போன மாதிரி ஒரு வாடை வருமே, அதன் பின்னால் இருப்பது இதுதான். அந்த அடிவாடை இல்லாமல் சோப்பு மாதிரி சுத்தமாக மணத்தால் எனக்குச் சந்தேகம் வரும். வாடிய மல்லிப்பூவை முகர்ந்தே வளர்ந்த மூக்கு நமக்கு, இந்த ஒரு டீயில் அது நல்ல மூலதனம்.

ருசிபார்க்கும்போது இதை 6 நிமிடம் போட்டுக் குறை தேடுங்கள். குடிப்பதற்குப் போடும்போது தண்ணீர் 80 டிகிரிக்குள், 2 அல்லது 3 நிமிடம். கொதித்து இறக்கி ஐந்தாறு நிமிடம் திறந்து வைத்தால் ஏறத்தாழ அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். கொதிநீரை நேரே ஊற்றினால் கசப்பு முன்னால் வந்து மல்லிகையைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

ஏர்ல் கிரேயில் வருகிற மணம் பெர்கமோட் என்ற பழத்தின் தோல் எண்ணெய். இத்தாலியின் கலாப்ரியா கடற்கரையில்தான் அது பெருமளவு விளைகிறது. பழமாகத் தின்ன முடியாத கசப்பு, தோலில் மட்டும் அப்படி ஒரு மணம். நாரத்தங்காய்த் தோலைக் கிள்ளி முகர்ந்தால் வருகிற கசந்த நறுமணத்தோடு ஒரு பூவைச் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். இது டீயோடு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால், பெர்கமோட்டில் முக்கியமான லினலூல் என்ற மணப்பொருள் டீ இலையிலேயே இயல்பாக இருக்கிறது. எண்ணெய் வெளியாளாக வந்து உட்காருவதில்லை, இலையின் பேச்சையே உரக்கப் பேசுகிறது. வாக்கைக் காப்பாற்றுகிற வாசனை என்றால் இதுதான். இனிப்பை நம்பி நிற்பதுமில்லை.

இதில் குறை தேட வேண்டிய இடம், ஆறிய கோப்பை. சூட்டில் எண்ணெய் மணம் எல்லாவற்றையும் மூடிவிடும். அரைமணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு ஒரு வாய் குடியுங்கள். நல்ல இலை போட்டிருந்தால் ஆறியபின்னும் ஒரு தெளிவும், நாக்கில் சுருக்கென்று வந்து சட்டென்று விலகுகிற துவர்ப்பும் இருக்கும். மட்டமான தூள் போட்டிருந்தால் ஆறியதும் வாழைக்காயைப் பச்சையாகக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டே கிடக்கும். பழைய சரக்காக இருந்தால் பெர்கமோட்டே கெட்டு, பெயிண்ட் டப்பா வாடை எட்டிப்பார்க்கும். தோல் எண்ணெயில் இருக்கிற லிமோனீன் காற்றுப்பட்டுக் கெடுவதால் வருவது அது. ஆறிய டீ கலங்கினால் பயப்படாதீர்கள், காஃபினும் டீயின் நிறப்பொருளும் சேர்ந்து திரிவது அது, திடமான டீயிலும் நடக்கும். நீலகிரி டீ ஐஸ் போட்டாலும் அதிகம் கலங்காது என்பதால் ஐஸ் டீக்கு அதைத் தேடி வாங்குவார்கள். ஊர்ப்பாசம் கொஞ்சம் கலந்த தகவல்தான், ஆனால் சரியான தகவல்.

நாக்கில் தெரிவதை எழுதிவைக்கும்போது நமக்கு ஒரு வசதி இருக்கிறது. துவர்ப்பை ஒரு தனிச் சுவையாக அறுசுவையிலேயே வைத்திருக்கிறோம், டீயில் பாதி விஷயம் துவர்ப்புதான். அதையே தரம் பிரியுங்கள்: மாதுளைத் தோலா, வாழைப்பூவா, கொட்டைப்பாக்கா, வாழைக்காயா? "நல்லா இருக்கு", "நல்லா இல்லை" என்று எழுதினால் மறுநாள் அந்தக் காகிதம் உதவாது. "வைக்கோல், கொய்யா, கடைசியில் பாக்கு" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்தும் அந்தக் கோப்பை கண்முன் வரும்.

வைல்ட் பெர்ரி டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு இறங்குவரிசையில்தான் அச்சிட வேண்டும். பெரும்பாலான 'பெர்ரி' டீயில் முதலிடத்தில் ஹைபிஸ்கஸ், அடுத்து ஆப்பிள் துண்டு, ரோஜாக்காய். பெர்ரி கடைசியில், அல்லது 'ஃபிளேவர்' என்ற ஒரு சொல்லில். ஆக, சிவப்பும் புளிப்பும் ஹைபிஸ்கஸ் தருவது, பெர்ரி என்பது மேலே தெளித்த மணம். இது மோசம் என்று சொல்லவில்லை. புளிப்பு நிஜமாகவே நாக்கில் இருப்பதால், ஸ்ட்ராபெரி-வெனிலாவைவிட இது வாக்கைக் காப்பாற்றும், பெர்ரியும் புளிப்புதானே. ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன். இந்த ஹைபிஸ்கஸ் நம் வீட்டு வாசல் செம்பருத்தி இல்லை. இது ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா, புளிச்சக்கீரை, கோங்கூரா வகையறா. அதன் சதைப்பிடிப்பான சிவப்புப் புல்லி இதழைக் காயவைத்தது. எகிப்திலும் சூடானிலும் கர்கடே என்று குடிப்பது இதைத்தான். வாசல் செம்பருத்தியைக் காயவைத்துப் போட்டால் நிறம் வரும், இந்தப் புளிப்பு வராது, எலுமிச்சை பிழிந்தாக வேண்டும். சங்குப்பூ டீயின் கதையும் அதுதான். நீலமாக இருந்து எலுமிச்சை பட்டதும் ஊதாவாக மாறுவது கண்ணுக்கு விருந்து, நாக்குக்கு அநேகமாக ஒன்றுமில்லை.

பெப்பர்மிண்ட்டைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சந்தையில் கட்டாக வாங்குகிற புதினாவோடு வைத்து ஒப்பிட்டால் போதும். நம் சட்னிப் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மிண்ட் வகை, மணம் கார்வோன் என்ற பொருளிலிருந்து வருகிறது, குளிர்ச்சி குறைவு. பெப்பர்மிண்ட்டில் மெந்தால், அதனால் ஜில்லென்று ஏறுகிறது. இரண்டும் புதினாதான், ஒன்றை மற்றதன் மட்டமான வடிவம் என்று நினைக்க வேண்டாம். மொராக்கோக்காரர்கள் கிரீன் டீயோடு போடுவது ஸ்பியர்மிண்ட், கூடவே தாராளமாகச் சர்க்கரை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் பெப்பர்மிண்ட் எரிச்சலைக் கூட்டக்கூடும்.

கெமோமைல் என்பது சீமைச்சாமந்தி. அதன் பெயரே கிரேக்க மொழியில் 'தரை ஆப்பிள்' என்று அர்த்தம் தருவது. ஊறியதும் முகர்ந்தால் வைக்கோலுக்கு நடுவே ஆப்பிள் வைத்த மாதிரி இருக்கவேண்டும். ஆப்பிள் இல்லாமல் வைக்கோல் மட்டும் மணந்தால் சரக்குப் பழசு. பையைக் கிழித்துப் பாருங்கள். மஞ்சள் குமிழும் வெள்ளை இதழும் அடையாளம் தெரிந்தால் நல்லது, தவிட்டுப்பொடி மாதிரி இருந்தால் எண்ணெய் எப்போதோ போயிருக்கும். சாமந்திப்பூ ஒத்துக்கொள்ளாதவர்கள் இதில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும், ஒரே குடும்பம்.

மூலிகைக் கலவைகளில் இன்னொன்றைக் கவனியுங்கள். சர்க்கரையே போடாமல் குடித்து முடித்து ஒரு நிமிடம் கழித்தும் தொண்டையில் இனிப்பு நின்றால், அதில் பெரும்பாலும் அதிமதுரம் இருக்கும். டீ இலை இல்லாத கோப்பைக்கு உடம்பு கொடுக்கக் கலவைக்காரர்கள் போடுவது, நம் கருப்பட்டியின் வேலைதான். ருசிக்கு நல்ல தந்திரம். ஆனால் தினம் பல கோப்பை அதிமதுரம் போனால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். ஹைபிஸ்கஸ் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற பக்கம் போவது, அதையும் நிறையக் குடிப்பதாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

விலை கூடின டீ நிஜமாகவே வேறா, அல்லது டப்பாதான் வேறா என்று சண்டை வந்தால் அதற்கும் வழி இருக்கிறது. மூன்று கோப்பை. இரண்டில் ஒரே டீ, ஒன்றில் மற்றது. ஊற்றுகிறவர் வேறொருவர், கோப்பைக்கு அடியில் பென்சிலால் குறி. வித்தியாசமான கோப்பை எது என்று மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வரும், அதனால் ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டு மார்தட்டக் கூடாது. இடைவெளி விட்டு 6 முறை செய்து 5 முறை சரியாக வந்தால், அது அதிர்ஷ்டத்தில் நடந்திருக்க 100க்கு 2க்கும் குறைவான வாய்ப்புதான். என் வீட்டில் ஊற்றுகிற வேலை மகளுடையது. 300 ரூபாய் ஏர்ல் கிரேயையும் 900 ரூபாய் ஏர்ல் கிரேயையும் வைத்தாள். சூடாக இருந்தபோது 6இல் 2 சரி. ஆறவைத்துக் குடித்தபோது 6இல் 5. வித்தியாசம் இருந்தது, ஆனால் வாசனையில் இல்லை, இலையில் இருந்தது. டீயை எப்போதும் சுடச்சுடவே குடிக்கிற என் மனைவிக்கு 300 ரூபாய் டீயே வாங்குவது என்று முடிவானது.

ஸ்ட்ராபெரி-வெனிலாவை அந்த டப்பாவிலேயே தனியாக வையுங்கள். பக்கத்திலிருக்கிற எதிலும் அதன் மணம் ஏறிவிடும். சாம்பார்ப்பொடி ஷெல்ஃபில் எந்த டீயையும் வைக்காதீர்கள், பெருங்காயம் ஏறிய ஏர்ல் கிரே ஒரு தடவை குடித்தவன் நான். மல்லிகையும் கெமோமைலும் முதலில் தீரட்டும், அவற்றின் மணம்தான் சீக்கிரம் போகும். பெப்பர்மிண்ட் காத்திருக்கும். ஸ்ட்ராபெரியை வெயில் நாளில் இரட்டிப்புத் திடத்தில் போட்டு, சூட்டிலேயே சர்க்கரையைக் கரைத்து, ஆறவைத்து, எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டு, ஐஸ் போட்டு வீட்டுப் பிள்ளைகளோடு குடியுங்கள், காஃபின் இருப்பதால் சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் வேண்டாம். நான் சொல்லிக்கொடுத்த ஒரு வீட்டில் அப்படித்தான் ஒரு டப்பா நான்கு நாளில் காலியானது.